நிறம் மாறும் கரிமப் பொருள்களும் அயனித் தேர்வும்

மின்னழுத்தம் செலுத்தும்போது ஒரு பொருளின் நிறம் மாறுவதும், அழுத்தத்தின் திசையை மாற்றினால் பழைய நிறம் திரும்புவதும் மின்நிறமாற்றம் எனப்படும். பின்னால் வரும் வாகனத்தின் முகப்பொளி கண்ணைக் கூசச் செய்யாதபடி தானே மங்கும் கார்க் கண்ணாடிகளிலும், பயணி பொத்தானை அழுத்திக் கருநீலமாக்கிக்கொள்ளும் போயிங் 787 விமானச் சாளரங்களிலும் இந்நிகழ்வு அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. டங்ஸ்டன் ஆக்சைடு போன்ற கனிமப் பொருள்களோடு ஒப்பிடுகையில், வயலோஜன்கள், மின்கடத்தும் பாலிமர்கள் முதலான கரிமப் பொருள்கள் மிகுதியான நிற வகைகளையும், குறைந்த மின்னூட்டச் செலவில் ஆழ்ந்த நிறத்தையும் தருகின்றன. ஆயினும் இவற்றைப் பற்றிய ஆய்வு இலக்கியத்தில் பெரும்பகுதி மூலக்கூற்றின் அமைப்பையே சுற்றிவந்துள்ளது. மின்பகுளியில் உள்ள அயனிகள் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் துணைப்பொருள்களாகவே நெடுங்காலம் நடத்தப்பட்டன. அயனி மாறினால் நிறமாற்றம் தொடங்கும் அழுத்தம், மாற்றத்தின் வேகம், படலத்தின் பருமன், சாதனத்தின் ஆயுள், சில வேளைகளில் நிறமே கூட மாறுகிறது என்பதைக் காட்டும் சான்றுகளைப் பரிசீலித்து, அயனியை நிறப்பொருளின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும் என்ற முடிவை இக்கட்டுரை முன்வைக்கிறது.

அயனி ஏன் தேவைப்படுகிறது என்பது மின்நடுநிலை என்னும் எளிய விதியிலிருந்து தொடங்குகிறது. மின்முனையிலிருந்து ஒரு எலக்ட்ரான் படலத்துக்குள் நுழைந்தாலோ அதிலிருந்து வெளியேறினாலோ, அதனால் தோன்றும் மின்னூட்டத்தை ஈடுசெய்ய ஓர் அயனி உடனுக்குடன் இடம்பெயர்ந்தாக வேண்டும். அயனி வராவிட்டால் எலக்ட்ரானின் ஓட்டமும் நின்றுவிடும். இந்த இடப்பெயர்ச்சியின் அளவு சிறியதன்று. ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு ஒளி உட்கவர்வு மாறுகிறது என்பதைக் குறிக்கும் நிறமேற்றத் திறன், நல்ல தயோஃபீன் வகைப் பாலிமர்களுக்குக் கூலும் ஒன்றுக்குச் சுமார் 200 சதுர சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். ஊடுருவும் ஒளியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க இத்தகைய படலத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிகூலும் தேவைப்படும். அதாவது ஒற்றை மின்னூட்டம் கொண்ட அயனிகள் ஏறத்தாழ 31,000 லட்சம் கோடி, ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள படலத்துக்குள் புகவோ அதிலிருந்து வெளிவரவோ வேண்டும். இவ்வளவு பெரிய கூட்டம் உள்ளே வந்தால் படலம் அதற்கேற்ப உருமாறத்தான் செய்யும்.

அயனியின் செல்வாக்கு முதன்முதலில் கண்ணுக்குத் தெரியும் வகையில் வெளிப்பட்டது வயலோஜன்களில்தான். இரண்டு பிரிடின் வளையங்கள் இணைந்து, இரு நைட்ரஜன்களிலும் கரிமத் தொகுதி ஏற்றப்பட்ட இந்த இரட்டை நேர்மின் அயனிக்கு 1933இல் லியோனர் மைக்கேலிஸ் வயலோஜன் என்ற பெயரை வழங்கினார். களைக்கொல்லியாக அறியப்பட்ட பாராகுவாட் இவ்வினத்தின் எளிய உறுப்பினர். ஓர் எலக்ட்ரானை ஏற்றதும் இது ஆழ்ந்த நீலமோ ஊதாவோ கொண்ட தனியுறுப்பு நேர்மின் அயனியாக மாறுகிறது. எலக்ட்ரானை ஏற்காத நிலையில் இது நிறமற்றது என்று பாடநூல்கள் கூறினாலும், உடனிருக்கும் எதிர்மின் அயனியைப் பொறுத்தே அக்கூற்று மெய்யாகிறது. குளோரைடு உப்பு வெண்ணிறமானது. அயோடைடு உப்போ பளிச்சென்ற சிவப்பு. அயோடைடு தன் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கக் கூடியதாகையால், ஒளியை உட்கவர்ந்து வயலோஜனை நோக்கி எலக்ட்ரானைத் தள்ளும் மின்னூட்டப் பரிமாற்றம் கண்ணுறு ஒளியின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. தெளிந்த நிலை தெளிவாகவே இருக்க வேண்டிய சாளரத்துக்கு இந்த எதிர்மின் அயனி உதவாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கரைதிறனும் அதே அளவுக்கு எதிர்மின் அயனியின் கையில் இருக்கிறது. வயலோஜனின் ஹாலைடு உப்பை நீரில் கரைத்து அம்மோனியம் ஹெக்சாஃப்ளோரோபாஸ்பேட்டுக் கரைசலைச் சேர்த்தால், சில கணங்களில் கலங்கல் தோன்றி, புதிய உப்பு வீழ்படிவாக அடியில் தங்குகிறது. வடிகட்டி உலர்த்திய அப்பொடி நீரில் ஏறத்தாழக் கரைவதில்லை; அசிட்டோநைட்ரைல், புரோப்பிலீன் கார்பனேட்டு போன்ற கரிமக் கரைப்பான்களிலோ எளிதாகக் கரைகிறது. நிறம் தரும் மூலக்கூறு அதேதான். அதை நீர்ச் சாதனத்தில் வைப்பதா, கரிமக் கரைப்பானில் வைப்பதா என்பதைத் தீர்மானித்தது அதன் துணை மட்டுமே. 1973இல் பிலிப்ஸ் ஆய்வாளர்கள் அறிவித்த ஹெப்டைல் வயலோஜன் காட்சித்திரை இதே பண்பை மறுதிசையில் பயன்படுத்தியது. நீரில் கரையும் ஹெப்டைல் வயலோஜன் புரோமைடு, எலக்ட்ரானை ஏற்றதும் கரையாத ஊதா நிறப் படலமாக மின்முனையில் படிந்தது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் எழுத்து அழியாமல் நின்றது. புரோமைடு இங்கே படிவின் உறுப்பாகவே அமர்ந்திருந்தது. ஆனால் படிவு நாளடைவில் படிகமாக இறுகி, எதிர் அழுத்தம் கொடுத்தாலும் முழுமையாகக் கரைய மறுத்தது. காட்சித்திரைச் சந்தையில் திரவப் படிகங்கள் வென்றதற்குப் பல காரணங்கள் உண்டு; கரிம அயனிப் படலத்தின் இந்த முதுமையையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை.

வணிகத்தில் நிலைத்த கார்க் கண்ணாடிகளில் நிறப்பொருள் கரைசலிலேயே தங்கிவிடுகிறது. வயலோஜன் ஒரு மின்முனையில் எலக்ட்ரானை ஏற்க, ஃபீனசின் வகைச் சேர்மம் எதிர் மின்முனையில் எலக்ட்ரானை இழக்க, இரண்டும் நடுவே சந்தித்துத் தெளிந்துவிடுகின்றன. அயனி எந்தத் திண்மப் படலத்துக்குள்ளும் நுழைய வேண்டியதில்லை என்பதால், எதிர்மின் அயனியிடமிருந்து எதிர்பார்க்கப்படுவது கரைதிறனும், வேதியியல் மந்தத்தன்மையும், நிறமின்மையும் மட்டுமே. டெட்ராஃப்ளோரோபோரேட்டு இத்தேவைகளைப் போதிய அளவு நிறைவேற்றுகிறது. அயனித் தேர்வு மிக எளிமையாக அமைந்த இவ்வகையே சந்தையில் மிக வெற்றிகரமாகவும் இருப்பது தற்செயலன்று என்று தோன்றுகிறது.

சிக்கலின் முழு வடிவம் மின்கடத்தும் பாலிமர்களில்தான் புலப்படுகிறது. ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோர் 1977இல் பாலிஅசிட்டிலீனில் கண்ட மின்கடத்தல், 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற கண்டுபிடிப்பு, அடிப்படையில் ஓர் எதிர்மின் அயனியைத் துணையாகச் சேர்க்கும் வினையே ஆகும். பாலிமர்ச் சங்கிலியிலிருந்து எலக்ட்ரானை எடுத்தால், சங்கிலி சற்றே வளைந்து கொடுத்துத் தாங்கிக்கொள்ளும் நேர்மின்னூட்டப் பகுதி ஒன்று தோன்றுகிறது; இது போலரான் எனப்படும். மேலும் ஓர் எலக்ட்ரான் அதே பகுதியிலிருந்து போனால் அது இருபோலரான். பெடாட் என்று சுருங்க அழைக்கப்படும் பாலிமர் எலக்ட்ரான் நிறைந்த நிலையில் கருநீலமாக இருந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் தன் உட்கவர்வை அகச்சிவப்புக்கு நகர்த்திவிட்டு வெளிர்நீலத் தெளிவைப் பெறுகிறது. பாலி-3-ஹெக்சில்தயோஃபீன் சிவப்பிலிருந்து நீலத்துக்கும், பாலிஅனிலீன் வெளிர்மஞ்சளிலிருந்து பச்சை வழியாக நீலத்துக்கும் போகின்றன. ஒவ்வொரு படியிலும் அயனிகள் இடம்பெயர்கின்றன. எந்த அயனி, எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி.

இக்கேள்விக்கு விடையளித்த கருவி குவார்ட்ஸ் படிக நுண்ணிறைமானி. ஒரு படிகத்தின் மேல் நிறை கூடினால் அதன் அதிர்வெண் அதற்கேற்பக் குறையும் என்று 1959இல் சாவர்பிரை நிறுவிய தொடர்பே இதன் அடிப்படை. 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் சேர்ந்தால் அதிர்வெண் ஒரு ஹெர்ட்ஸ் குறைகிறது. மேலே கூறிய 5 மில்லிகூலும் மின்னூட்டம் பாய்ந்து, பாலிமர் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பெர்குளோரேட்டு அயனிகள் உள்ளே வந்தால், சுமார் 5.2 மைக்ரோகிராம் நிறை கூடி அதிர்வெண் 290 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சரியும். அதே மின்னூட்டத்தை லித்தியம் அயனிகள் வெளியேறி ஈடுசெய்தால், நிறை வெறும் 0.36 மைக்ரோகிராம் குறைந்து அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் உயரும். ஒவ்வொரு லித்தியமும் நான்கு நீர் மூலக்கூறுகளை இழுத்துக்கொண்டு போனால் உயர்வு 230 ஹெர்ட்ஸை எட்டும். ஆக, முள் எந்தப் பக்கம் போகிறது என்பது அயனியின் மின்னூட்டத்தையும், எவ்வளவு தூரம் போகிறது என்பது அது சுமந்து செல்லும் கரைப்பானையும் காட்டிக்கொடுக்கிறது. படலம் கெட்டியாக இருக்கும்வரைதான் இக்கணக்கு செல்லும் என்பதையும் குறிப்பிட வேண்டும். நீரை உறிஞ்சிக் குழைந்த படலத்துக்கு இதே வாய்ப்பாட்டைப் பொருத்தி எழுதப்பட்ட முடிவுகளை எச்சரிக்கையுடனேயே ஏற்க இயலும்.

இத்தகைய அளவீடுகள் தெளிவுபடுத்திய முதல் உண்மை, பாலிமர் வளர்க்கப்பட்டபோது உள்ளே சிக்கிய அயனி அதன் பிற்கால நடத்தையை நிர்ணயிக்கிறது என்பதாகும். பெர்குளோரேட்டு போன்ற சிறிய எதிர்மின் அயனியுடன் வளர்ந்த பாலிபிர்ரோல், ஆக்சிஜனேற்றத்தில் எதிர்மின் அயனியை உள்ளிழுத்துப் பருக்கிறது. நீண்ட வாலுடைய டோடெசில்பென்சீன்சல்ஃபோனேட்டுடன் வளர்ந்த அதே பாலிபிர்ரோலிலோ, அந்தப் பெரிய அயனி வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதால், ஒடுக்கத்தின்போது சோடியம் போன்ற நேர்மின் அயனி உள்ளே வந்து படலம் பருக்கிறது. அதாவது விரிவதும் சுருங்குவதும் தலைகீழாகின்றன. இந்த இயல்பைப் பயன்படுத்தியே ஸ்வீடனின் லிங்ஷோபிங்கில் ஸ்மேலாவும் இங்கனாஸும் லுண்ட்ஸ்ட்ரோமும் 1995இல் நுண்ணிய மடிப்புக் கருவிகளை உருவாக்கினர். பெடாட்டுடன் பாலிஸ்டைரீன்சல்ஃபோனேட்டைக் கலந்து விற்கப்படும் நீர்மக் கலவையும் இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்ததே. 1987இல் வுட்ல், ஹீகர் குழுவினர் சல்ஃபோனேட்டுத் தொகுதியைப் பாலிமர்ச் சங்கிலியிலேயே பிணைத்து, தன் துணை அயனியைத் தானே சுமக்கும் பாலிதயோஃபீனை ஆக்கியபோது, எதிர்மின் அயனி நகரவே வேண்டாத நிலை பிறந்தது. நிறத்தை மட்டும் பார்த்தால் இவ்விரு இனங்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. மின்பகுளியைத் தேர்ந்தெடுப்பவர் முதல் இனத்துக்கு எதிர்மின் அயனியையும் இரண்டாவதற்கு நேர்மின் அயனியையும் கவனிக்க வேண்டும். இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் நிகழ்த்தப்படும் அயனி ஒப்பீடு, தேவையற்ற அயனியை மாற்றி மாற்றிப் பார்த்ததாகவே முடியும்.

அயனியின் அளவு பற்றிய பேச்சில் குழப்பம் மிகுதி. படிகத்தில் லித்தியத்தின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியத்தின் ஆரம் 1.38 ஆங்ஸ்ட்ராம், நீரிலோ லித்தியம் தன்னைச் சுற்றி நீரை இறுகப் பிடித்துக்கொண்டு சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம் ஆரம் கொண்டதாகவும், பொட்டாசியம் 3.3 ஆங்ஸ்ட்ராம் கொண்டதாகவும் நடந்துகொள்கின்றன. எல்லையற்ற நீர்த்தலில் மோலார் கடத்துதிறன் லித்தியத்துக்கு 38.7, பொட்டாசியத்துக்கு 73.5 என்ற அளவில் இருப்பதற்கும் இதுவே காரணம். எனவே சிறிய அயனி வேகமாகப் போகும் என்ற எதிர்பார்ப்பு உலர்ந்த திண்மத்துக்குப் பொருந்தினாலும் நீர்மத்தில் தலைகீழாகிவிடுகிறது. எதிர்மின் அயனிகளிலும் இதே நிலைதான். புரதங்களை வீழ்படிவாக்கும் உப்புகளை 1888இல் ஹோஃப்மைஸ்டர் வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் நீரை இறுகப் பற்றும் அயனிகள் ஒரு முனையிலும், நீரை எளிதில் உதறும் பெர்குளோரேட்டு போன்றவை மறுமுனையிலும் நிற்கின்றன. கொழுப்புத் தன்மையுள்ள ஹெக்சில் வால்களைக் கொண்ட பாலிதயோஃபீன் படலத்தைப் பொட்டாசியம் குளோரைடு நீர்க் கரைசலில் வைத்து நிறம் மாற்ற முயன்றால் அது தயங்குகிறது. குளோரைடைவிடப் பெரியதான ஹெக்சாஃப்ளோரோபாஸ்பேட்டு இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே மாற்றம் தொடங்குகிறது. குளோரைடு தன் நீருறையைக் களைந்துவிட்டு எண்ணெய்ப்பசையான உட்புறத்துக்குள் நுழையச் செலுத்த வேண்டிய ஆற்றலே இங்கு தடை. வால்களை எத்திலீன் கிளைக்காலாக மாற்றினால் படலம் நீரோடு சேர்த்தே குளோரைடை ஏற்றுக்கொள்கிறது. அதன் விலையாக வீக்கமும், அதைத் தொடர்ந்து படிக ஒழுங்கின் சிதைவும் வருகின்றன. இப்பொருளில் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பகுதி அண்மைக் கால மின்வேதிக் கரிம டிரான்சிஸ்டர் ஆய்வுகளிலிருந்து வந்தது என்பதும், மின்நிறமாற்ற ஆய்வாளர்கள் அதைப் போதிய அளவு எடுத்தாளவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கவை.

வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு நேரடியானது. படலத்தின் தடிப்பின் வர்க்கத்தை அயனியின் விரவல் கெழுவால் வகுத்தால் மாற்றத்துக்கான காலம் தோராயமாகக் கிடைக்கும். 200 நானோமீட்டர் படலத்தில் கெழு வினாடிக்கு 10⁻¹⁰ சதுர சென்டிமீட்டராக இருந்தால் 4 வினாடியும், அதைப்போல் பத்து மடங்காக இருந்தால் 0.4 வினாடியும் ஆகும். முன்னது சாளரத்துக்குப் போதும், காட்சித்திரைக்குப் போதாது.

அயனி நிறத்தையே மாற்றுமா என்பது இத்துறையில் மிகவும் எளிதாக மிகைப்படுத்தப்படும் கேள்வி. பாலிமரின் நிறத்தைத் தீர்மானிப்பது முதன்மையாக அதன் சங்கிலியே. எதிர்மின் அயனியை மாற்றியபோது நிறம் மாறியதாகக் கூறும் பல அறிக்கைகளில், உண்மையில் மாறியது ஒரே அழுத்தத்தில் எட்டப்பட்ட ஆக்சிஜனேற்ற அளவுதான். அழுத்தத்தைச் சற்றுக் கூட்டியிருந்தால் வேறுபாடு மறைந்திருக்கும். ஆயினும் உண்மையான விளைவும் ஒன்று உண்டு. நேர்மின்னூட்டமுள்ள போலரானை அருகிலிருக்கும் எதிர்மின் அயனி ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது. அயனி விலகியிருந்தால் போலரான் பரவுகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் 2019இல் போரான் அணுக்களால் ஆன பெரிய டோடெகாபோரேன் தொகுதிகளைக் கொண்டு, எதிர்மின்னூட்டத்தைச் சங்கிலியிலிருந்து தள்ளி நிறுத்தியபோது மின்னூட்டங்களின் நகர்திறன் உயர்ந்ததைக் காட்டினர். இவ்விளைவு பெரிதும் அகச்சிவப்புப் பகுதியில் தெரிவது. கண்ணுக்குப் புலப்படும் சாயலில் அதன் பங்கு சிறிது. வெப்பத்தைத் தடுக்கும் சாளரங்களை வடிவமைப்போருக்கு இது முக்கியம், காட்சித்திரை செய்வோருக்கு அவ்வளவாக இல்லை. பாலிஅனிலீனை இதில் விதிவிலக்காகக் கொள்ள வேண்டும். அங்கே எதிர்மின் அயனியுடன் புரோட்டானும் பங்கேற்பதால், அமிலத்தன்மை குறைந்தாலே பச்சை நிலை நீலத்துக்கு நழுவிவிடுகிறது. எந்த அமிலம் என்பது சங்கிலி சுருண்டிருக்குமா நிமிர்ந்திருக்குமா என்பதையும் பாதிக்கிறது. கற்பூரசல்ஃபோனிக் அமிலம் இப்பாலிமரைக் கரையக்கூடியதாக ஆக்கும் என்று ஹீகர் குழுவினர் 1992இல் காட்டியது துணை அயனியின் வலிமைக்கு இன்றளவும் சிறந்த எடுத்துக்காட்டு.

ஆயுள் குறித்த சான்றுகள் இன்னும் உறுதியானவை. ஹெக்சாஃப்ளோரோபாஸ்பேட்டு நீர்த்தடயம் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடை விடுவிக்கிறது. பெர்குளோரேட்டு கரிமப் பொருளோடு உலர்ந்த நிலையில் வெடிக்கும் அபாயமுடையது, ஆகவே ஆய்வகத்தில் அது எவ்வளவு நல்ல முடிவைத் தந்தாலும் கட்டடச் சாளரத்துக்கு ஏற்றதன்று. பிஸ்-ட்ரைஃப்ளோரோமீதேன்சல்ஃபோனைல்-இமைடு என்ற நீண்ட பெயருடைய அயனி நீரைத் தாங்கும், பரந்த மின்னூட்டத்தால் எதோடும் இறுகப் பிணையாது. ஆனால் உயர் அழுத்தத்தில் அலுமினிய இணைப்புகளை அரிக்கும். அறை வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும் அயனி நீர்மங்களில் கரைப்பானே இல்லாததால், பாலிமரைத் தாக்கும் நீர், ஆவியாகும் திரவம் ஆகிய இரண்டும் ஒருசேர விலகுகின்றன. ஆஸ்திரேலியாவின் வல்லாங்காங்கைச் சேர்ந்த வாலஸ், மெக்டயார்மிட் உள்ளிட்டோர் 2002இல் 'சயின்ஸ்' இதழில் இம்முறையில் 10 லட்சம் சுழற்சிகளையும் 100 மில்லிவினாடி வேகத்தையும் அறிவித்தது இத்துறையின் திருப்புமுனை. இருப்பினும் இமிடசோலியம் அயனி நீர்மங்களின் பாகுநிலை பல பத்து மில்லிபாஸ்கல்-வினாடியிலிருந்து சில நூறுவரை போகிறது. அசிட்டோநைட்ரைலுக்கு அது வெறும் 0.34. சாளரங்களில் இவ்வேறுபாடு நிறமாற்றம் மெதுவாக நிகழ்வதாகத் தென்படும்.

ஒரு முழுச் சாதனத்தில் இரண்டு மின்முனைகள் உண்டு என்பது எளிய செய்தியாயினும், ஒற்றைப் படலத்தை வைத்து எழுதப்படும் ஆய்வுகள் இதை மறந்துவிடுகின்றன. ஒரு பக்கத்துப் பாலிமர் விரும்பும் அயனியை எதிர்ப்பக்கமும் ஏற்றாக வேண்டும். டங்ஸ்டன் ஆக்சைடு சிறிய நேர்மின் அயனிகளான லித்தியத்தையும் புரோட்டானையும் நாடுகிறது. பிரஷ்ய நீலம் தன் கூட்டுக்குள் நீரற்ற நிலையில் அடங்கும் பொட்டாசியத்தை விரும்புகிறது. எதிர்மின் அயனியால் இயங்கும் பாலிமரை இவற்றுக்கு எதிரே வைத்தால், இரண்டு முனைகளும் மின்பகுளியிலிருந்து வெவ்வேறு அயனிகளை ஒரே வேளையில் எடுத்துக்கொள்ளும். அப்போது மின்பகுளியின் உப்புச் செறிவு ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறி இறங்கும். மெல்லிய மின்பகுளி அடுக்கில் இது இயக்கத்தையே தடுக்கக்கூடும். பாலிஸ்டைரீன்சல்ஃபோனேட்டு சேர்ந்த பெடாட்டை டங்ஸ்டன் ஆக்சைடோடு இணைத்தால், ஒரு பக்கத்திலிருந்து வெளியேறும் லித்தியம் மறுபக்கத்தில் அடைக்கலம் புகுவதால் செறிவு மாறுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஒற்றைப் படல அளவில் சுமாரான பாலிமர் சாதன அளவில் முந்திக்கொள்ள வாய்ப்புண்டு.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் அயனி ஒப்பீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குக் காரணம், எதிர்மின் அயனியை மாற்றும்போது கரைசலின் கடத்துதிறன், பாகுநிலை, உலர்த்திய பின் எஞ்சும் நீர் ஆகியவையும் சேர்ந்தே மாறுவதுதான். புதிய மின்பகுளியில் வைத்த படலம் முதல் சில சுழற்சிகளில் பழைய அயனியைக் கழித்துப் புதியதை ஏற்கும் பழக்கக் காலம் ஒன்றைக் கடக்கிறது. அதை முடிக்காமல் பதிவான அளவீடு எந்த அயனியையும் பற்றிப் பேசுவதாகாது. ஆகவே கரிம மின்நிறமாற்றப் பொருள் குறித்த எந்த அறிக்கையும் படலம் வளர்ந்த அயனி, இயங்கும் நேர்மின், எதிர்மின் அயனிகள், கரைப்பான், எஞ்சிய நீரின் அளவு, பழக்கச் சுழற்சிகளின் எண்ணிக்கை, எதிர் மின்முனையின் பொருள் ஆகியவற்றைப் பாலிமரின் பெயரோடு சேர்த்தே வெளியிட வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அங்கே தரப்படும் வேகமும் ஆயுளும் வேறொரு ஆய்வகத்தின் எண்களோடு ஒப்பிடத் தகுதியற்றவை.